வளைந்த கோடுகளைக் கண்டவர்: ஃபிலிப்போ பாச்சினி

கடல்மீன் வளர்ப்பைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு 'விப்ரியோ' என்ற பெயர் நன்றாகப் பழகிப்போன ஒன்று. கூண்டில் வளரும் சியாக்காப் இரை எடுக்காமல் ஒதுங்கினாலும், கெராப்பு மீனின் துடுப்படி சிவந்து உடலில் புண் கண்டாலும் முதலில் சந்தேகிக்கப்படுவது இந்தப் பாக்டீரியாக் குடும்பம்தான். உயிரின வகைப்பாட்டு நூல்களில் இந்தப் பேரினத்தின் பெயரை அடுத்து ஒரு மனிதரின் பெயரும் ஓர் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும்: பாச்சினி, 1854.

நம் ஆண்டு மலர்களில் தலைவர்களின் வரலாறும் புலவர்களின் வரலாறும் நிறைய வந்திருக்கின்றன. அந்த வரிசையில் ஓர் இத்தாலிய உடற்கூற்று அறிஞரை நான் கொண்டுவந்து நிறுத்துவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மருத்துவ மாணவர்களுக்கு இவர் பெயர் புதிதல்ல. தோலுக்கடியில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் 'பாச்சினி நுண்ணுறுப்புகளை' அவர்கள் முதலாண்டிலேயே படித்துவிடுகிறார்கள். ஆனால், அதே மனிதர்தான் காலராக் கிருமியை உலகில் முதன்முதலாக அடையாளம் காட்டியவர் என்பதும், அதற்காக அவர் உயிரோடிருந்தவரை பெரிய அங்கீகாரம் எதையும் பெறவில்லை என்பதும் பலர் அறியாதவை. ஒரு கிருமியைக் காண்பது வேறு, அதுதான் நோயைத் தருகிறது என்று நிறுவுவது வேறு. இந்த வேறுபாட்டைப் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக எனக்குக் காட்டியது இவருடைய வாழ்க்கைதான்.

பாதிரியாராக வேண்டிய பிள்ளை

ஃபிலிப்போ பாச்சினி 1812-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் உள்ள பிஸ்தோயா நகரில் பிறந்தார். எளிய குடும்பம். மகனைச் சமய குருவாக்கிப் பார்க்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. அதற்குரிய கல்வியும் தொடங்கியது. ஆனால், இளைஞர் பாச்சினியின் மனம் வேறு பக்கம் சாய்ந்தது. 1830-இல் குருமடப் பாதையை விட்டுவிட்டு, பிறந்த ஊரிலேயே இருந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார்.

சேர்ந்த மறுவருடமே அவருடைய கண்ணின் கூர்மை வெளிப்பட்டது. 1831-இல், ஒரு பிணத்தின் கையை அறுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, விரல்களுக்குச் செல்லும் நரம்புகளை ஒட்டிச் சிறுசிறு மணிகள் போன்ற உறுப்புகள் இருப்பதைக் கவனித்தார். வெறுங்கண்ணுக்கே தெரியக்கூடியவை, ஒரு மில்லிமீட்டர் அளவில் இருப்பவை. எத்தனையோ பேர் அந்தக் கைகளை அறுத்திருந்தும், அவற்றைக் கொழுப்புத் துணுக்கு என்றோ வேறு ஏதோ என்றோ ஒதுக்கிவிட்டார்கள். நூறாண்டுக்கு முன் ஜெர்மனியில் ஒருவர் இவற்றைக் கண்டு எழுதியிருந்தார் என்றாலும், அந்தச் செய்தி மறக்கப்பட்டுவிட்டது. பத்தொன்பது வயது மாணவர் பாச்சினி அவற்றை ஒதுக்கவில்லை. நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். வெங்காயத்தைப்போல் அடுக்கடுக்கான உறைகளுக்கு நடுவே ஒரு நரம்பு நுனி ஓடுவதைக் கண்டார். இது தொடு உணர்ச்சியோடு தொடர்புடையது என்று கருதினார்.

1835-இல் ஃபுளோரன்ஸ் நகரின் மருத்துவ அறிஞர்கள் முன்னிலையில் அவர் இதை எடுத்துரைத்தபோது உற்சாகமான வரவேற்பு எதுவும் கிடைக்கவில்லை. 1840-இல் தம் கண்டுபிடிப்பைச் சிறுநூலாக வெளியிட்டார். 1844-இல்தான் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஹென்லே, கோலிக்கர் என்னும் இரு பெரும் அறிஞர்கள் அதை ஆராய்ந்து உறுதி செய்து, அவற்றுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். கண்டதற்கும் உலகம் ஏற்றுக்கொண்டதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! அவர் வாழ்வில் பின்னால் வரப்போகும் காத்திருப்போடு ஒப்பிட்டால் இது மிகக் குறுகிய காலம் எனலாம்.

மின்சார மீன்களும் நுண்ணோக்கியும்

பாச்சினி பீசா நகரில் ஒப்பியல் உடற்கூற்றுத் துறையில் உதவியாளராகப் பணியாற்றினார். பின்னர் ஃபுளோரன்ஸில் ஆசிரியராகி, 1849-இல் உடற்கூற்றியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அந்தப் பொறுப்பில் இறுதிவரை இருந்தார். அக்கால இத்தாலியின் புகழ்பெற்ற நுண்ணோக்கிக் கலைஞர் அமீச்சியோடு சேர்ந்து, தம் ஆய்வுக்கேற்ற கருவியைத் தாமே வடிவமைத்துக்கொண்டார். கண்ணின் விழித்திரை எத்தனை அடுக்குகளால் ஆனது என்று ஆராய்ந்தார்.

மீன்வளம் படிப்பவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நைல் நதியின் மின்கெளுத்தியையும் தென்னமெரிக்க மின்விலாங்கையும் பாச்சினி அறுத்து ஆராய்ந்திருக்கிறார். அந்த மீன்கள் மின்சாரத்தை உண்டாக்கும் உறுப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நுணுக்கமாக விவரித்தார். மனிதக் கை, கண், மீன் என எதை எடுத்தாலும் அவருடைய வழி ஒன்றுதான். கண்ணால் காண்பதை முதலில் ஒழுங்காகக் காண வேண்டும், விளக்கம் அதன்பிறகு வர வேண்டும்.

1854: ஃபுளோரன்ஸில் காலரா

1846 தொடங்கி உலகைச் சுற்றிவந்த காலராப் பெருந்தொற்று 1854-இல் ஃபுளோரன்ஸ் நகரையும் தாக்கியது. அதே ஆண்டில்தான் லண்டனில் ஜான் ஸ்னோ, பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுற்றி மரணங்கள் குவிவதைக் காட்டினார். காலரா வந்தவர் ஒரே நாளில் உடலின் நீரெல்லாம் வற்றி இறந்துபோவார். அழுகல் நாற்றம் கலந்த கெட்ட காற்றே இதற்குக் காரணம் என்பது அன்றைய மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை.

பாச்சினி, இறந்தவர்களின் உடல்களைத் தாமதமின்றி அறுத்து, குடலின் உட்பகுதியை நுண்ணோக்கியில் வைத்தார். அங்கே கோடிக்கணக்கில் நுண்ணிய, சற்றே வளைந்த கோடுகள் போன்ற உயிரிகளைக் கண்டார். அவற்றைக் குறிக்க 'விப்ரியோ' என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். துடித்து அசைவது என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. குடலின் மேற்தோல் உரிந்து சிதைந்திருப்பதையும் கண்டார். இரண்டையும் இணைத்தார். இந்த உயிரிகளே குடற்சுவரைக் கெடுக்கின்றன, அதனால்தான் உடலின் நீரும் உப்பும் வெளியே கொட்டுகின்றன, அந்த இழப்பே உயிரைப் போக்குகிறது என்று 1854 டிசம்பரில் அறிவித்தார்.

இதில் ஒவ்வொரு படியும் எவ்வளவு முக்கியமானது என்று நினைத்துப் பாருங்கள். காலரா ஓர் உயிருள்ள கிருமியால் வருவது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது. அது தாக்குமிடம் குடல். கொல்லும் வழி நீரிழப்பு. கிருமிகளால் நோய் வருகிறது என்ற கொள்கையே நிலைபெறாத காலத்தில் சொன்ன செய்தி இது!

ஏன் நம்பவில்லை?

உலகம் அவரை நம்பவில்லை. இதற்கு அறியாமையையும் பொறாமையையும் மட்டும் காரணமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிட நான் விரும்பவில்லை. கெட்ட காற்றுக் கொள்கை வேரூன்றியிருந்தது உண்மை. இத்தாலிய மொழியில், டஸ்கனியின் மருத்துவ இதழில் வந்த கட்டுரையை வெளிநாட்டார் அதிகம் படிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால், இன்னொரு காரணமும் உண்டு. பாச்சினி அந்தக் கிருமியைக் கண்டார். அதைத் தனியே பிரித்து வளர்க்கவில்லை. ஒரு கிருமியை மற்றவற்றிலிருந்து பிரித்து வளர்க்கும் முறையே அன்று கிடையாது. நோயாளியின் குடலில் அது இருக்கிறது என்றால், அதுதான் நோயைத் தந்ததா, அல்லது நோய் வந்தபின் பெருகியதா? இந்தக் கேள்விக்கு நுண்ணோக்கி மட்டும் விடைசொல்ல முடியாது.

இருந்தும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1865 முதல் 1880 வரை காலராவைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்று கணக்கிட முயன்றார். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் உப்பைக் கரைத்து, முற்றிய நிலையில் உள்ள நோயாளியின் இரத்த நாளத்தில் செலுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தார். இன்று மருத்துவமனைகளில் காலரா நோயாளிக்கு முதலில் செய்வது இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதுதான்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வருமானம் முழுவதும் ஆய்வுக்கும், நோயுற்றிருந்த இரு சகோதரிகளைப் பராமரிப்பதற்கும் செலவாயிற்று. 1883 ஜூலை 9-ஆம் நாள், தம் 71-ஆம் வயதில், ஃபுளோரன்ஸில் காலமானார். கையில் காசில்லை. காலரா பற்றிய அவருடைய கருத்துக்கு ஏற்பும் இல்லை.

ஏழு வாரங்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 24-இல் ராபர்ட் கோக் தலைமையிலான ஜெர்மானிய ஆய்வுக்குழு, காலராவின் காரணத்தைத் தேடி எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவில் வந்திறங்கியது. பிறகு கல்கத்தா சென்றது. 1884-இன் தொடக்கத்தில் கோக் அந்த வளைந்த கிருமியைத் தூய்மையாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். காற்புள்ளி வடிவக் கிருமி என்று உலகமே பேசியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஃபுளோரன்ஸில் ஒருவர் இதையே கண்டார் என்பதைப் பேசியவர் மிகச் சிலர். 1965-இல்தான் பாக்டீரியாப் பெயர்களுக்கான அனைத்துலகக் குழு, 'விப்ரியோ காலரே பாச்சினி 1854' என்பதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. கட்டுரை வந்து 111 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த நீதி அது.

வடிவம் ஒன்று, குணம் வேறு

பாச்சினியின் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. அவர் விட்டுச்சென்ற கேள்வி இன்றும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உயிரோடிருக்கிறது. விப்ரியோ பேரினத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. கடலிலும் கழிமுகத்திலும் அவை இயல்பாகவே வாழ்கின்றன. பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. காலரா இனத்திலேயே பல வகைகள் காலராவைத் தருவதில்லை. அப்படியென்றால் ஒன்றைக் கொலைகாரனாகவும் இன்னொன்றைச் சாதுவாகவும் ஆக்குவது எது?

1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் அறிஞர், காலராக் கிருமி வெளியிடும் ஒரு நச்சுப் பொருளே குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கிறது என்று நிறுவினார். 1992-இல் தமிழகத்தின் சென்னையில் தலைகாட்டிய ஒரு புதுவகைக் காலராக் கிருமி, அதுவரை கண்டிராத வெளிப்பூச்சோடு வந்தது. ஆனால் உள்ளே அதே நச்சு மரபணுக்கள் இருந்தன. 1996-இல் அந்த நச்சு மரபணுக்கள் உண்மையில் ஒரு வைரஸ் சுமந்துவந்தவை என்று தெரிந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று, தன் மரபணுக்களைக் கிருமிக்குள் விட்டுச் செல்கிறது. சாதுவான விப்ரியோ அதனால் கொடியதாக மாறிவிடும்! நோயூட்டும் திறனைத் தரும் இத்தகைய மரபணுக்களையே வீரிய மரபணுக்கள் என்கிறோம்.

மீன்களிலும் இதே கதைதான். பாச்சினியின் நாட்டிலேயே, போ நதி கடலில் கலக்கும் கொமாக்கியோ பகுதியின் உப்பங்கழிகளில் விலாங்கு மீன்கள் உடல் சிவந்து கூட்டங்கூட்டமாக மடிவது பழைய தொல்லை. 1893-இல் கனெஸ்திரினி என்னும் பேராசிரியர் அதற்குக் காரணமான கிருமியை விவரித்தார். 1909-இல் சுவீடனின் பெர்க்மன் அதே நோயை ஆராய்ந்து, கிருமிக்கு 'விப்ரியோ அங்குயில்லாரம்' என்று பெயரிட்டார். இலத்தீனில் விலாங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சால்மன், கடல் பிரீம், கடல் பாஸ் எனப் பல வளர்ப்பு மீன்களை அது தாக்குகிறது.

இந்தக் கிருமியின் வீரியத்தின் இரகசியம் அமெரிக்காவில் வெளிப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் ஜோர்ஜ் கிரோசாவும் அவர் குழுவினரும், கிருமியின் முதன்மை மரபுத்தொகுதிக்கு வெளியே ஒரு சிறு வளையமாக இருக்கும் பிளாஸ்மிட் ஒன்றைக் கண்டனர். அது இருந்தால் கிருமி மீனைக் கொல்கிறது. அதை இழந்தால் கொல்லும் வலிமை பெரிதும் போய்விடுகிறது. காரணம் இரும்புச்சத்து. மீனின் இரத்தத்தில் இரும்பு உண்டு. ஆனால் அது ஒரு புரதத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். இரும்பில்லாமல் கிருமி பெருக முடியாது. அந்தப் பிளாஸ்மிட்டிலுள்ள மரபணுக்கள், பூட்டிய இரும்பைப் பறித்துவரும் ஒரு மூலக்கூற்றைச் செய்ய உதவுகின்றன. திருடனுக்குச் சாவி கிடைத்த கதைதான்! இந்தச் சாவி எல்லா விப்ரியோக்களிடமும் இல்லை. சில வகைகள் வேறு வழிகளில் இரும்பைப் பெறுகின்றன. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள், நீந்தி மீனின் தோலை அடைய உதவும் கசை, இரத்த அணுக்களை உடைக்கும் நச்சு எனப் பலவும் சேர்ந்துதான் வீரியம் உருவாகிறது.

கூண்டோரத்தில் ஒரு கேள்வி

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துப் பேச்சு மட்டுமல்ல. நோயுற்ற மீன்களின் மாதிரி எடுக்க நான் ஒரு கூண்டுப் பண்ணைக்குப் போயிருந்தபோது, அதன் உரிமையாளரான சீனப் பெரியவர் மலாய் மொழியில் என்னிடம் ஒன்று கேட்டார். செத்த மீனில் இந்தக் கிருமி இருக்கிறது என்கிறீர்கள், நல்ல மீனைச் சோதித்தாலும், இந்தக் கடல்நீரைச் சோதித்தாலும் இதே கிருமி இருக்கும் என்றும் சொல்கிறீர்கள், அப்படியானால் எதை நம்பி நான் மருந்துக்குப் பணம் செலவழிப்பது என்பது அவர் கேள்வி. பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர் அவர். ஆனால் அவர் கேட்டது, 1854-இல் பாச்சினியைப் பார்த்து மருத்துவ உலகம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

எங்கள் கடல்களில் ஹார்வேயி, அல்ஜினோலிட்டிக்கஸ் போன்ற விப்ரியோ இனங்களே வளர்ப்பு மீன்களில் அதிகம் கிடைக்கின்றன. அகார் தட்டில் மஞ்சளாகவோ பச்சையாகவோ வளரும் புள்ளிகளைப் பார்த்து இனத்தை ஓரளவு ஊகிக்கலாம். வீரியத்தை ஊகிக்க முடியாது. அதனால்தான் வீரிய மரபணுக்களைத் தேடுகிறோம். மரபணு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை நீக்கினால் நோய் குறைய வேண்டும், திரும்பச் சேர்த்தால் நோயும் திரும்ப வேண்டும். 1988-இல் ஸ்டான்லி ஃபால்கோ வகுத்த இந்த விதி, கோக்கின் பழைய விதிகளை மரபணுவுக்குப் பொருத்திய விதி.

இந்தத் தெளிவில்லாமல், மீன் செத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு எதிர்உயிரி மருந்தைத் தீவனத்தில் கலந்தால் பணமும் போகும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகும். நெருக்கடி, குறைந்த உயிர்வளி, வலையில் உரசிய காயம் போன்ற காரணங்களும் மீனை நோய்க்குத் தள்ளுகின்றன. நோர்வே நாடு இதற்கு நல்ல பாடம். 1987-இல் அங்கு மீன் வளர்ப்பில் ஏறத்தாழ 50 டன் எதிர்உயிரி மருந்து பயன்பட்டது. விப்ரியோ நோய்களுக்கும் மற்றொரு பாக்டீரியா நோய்க்கும் நல்ல தடுப்பூசிகள் வந்தபின், 1990-களின் பிற்பகுதியில் அது ஓரிரு டன்னாகச் சுருங்கியது. அதே காலத்தில் மீன் உற்பத்தியோ பன்மடங்கு பெருகியது. எந்தக் கிருமி, எந்த வகை என்று சரியாக அறிந்ததால் கிடைத்த வெற்றி இது. பெரியவரின் கேள்விக்கு நான் அன்று சொல்ல முடிந்ததும் இவ்வளவே: கிருமி இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அதனிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன். முடிவு வரும்வரை மீன்களின் நெருக்கத்தைக் குறைக்கவும் செத்தவற்றை உடனுக்குடன் அகற்றவும் அவர் ஒப்புக்கொண்டார்.

நமக்கு என்ன பாடம்?

1935-இல் பாச்சினியின் எலும்புகள் அவர் பிறந்த பிஸ்தோயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்குள்ள ஒரு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. குருவாக வேண்டும் என்று பெற்றோர் விரும்பிய பிள்ளை, கடைசியில் தேவாலயத்துக்கே வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரங்கிப் பேசுகிறார்கள். எனக்கு இரக்கத்தைவிட மதிப்பே மேலிடுகிறது. அங்கீகாரம் வரவில்லையே என்று அவர் தம் ஆய்வை மூட்டை கட்டவில்லை. எதிர்த்தவர்களைத் திட்டுவதில் காலத்தைக் கழிக்கவுமில்லை. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சான்றைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். அதே வேளையில் கோக்கின் பெருமையையும் நாம் குறைக்க வேண்டியதில்லை. பாச்சினி கண்ணைத் தந்தார், கோக் கையைத் தந்தார். பின்வந்தவர்கள் மரபணுவைத் திறந்து காட்டினார்கள். அறிவியலில் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார்.

நண்பர்களே, நம்மில் பலர் இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதி முடித்ததும் அது நூலகத்தின் ஒரு மூலையில் தூசி படியும் என்று சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆயினும், கண்டதை நேர்மையாகவும் தேதியோடும் எழுதி வைத்தால், அது யாருக்காவது என்றைக்காவது உதவும். பாச்சினிக்கு 111 ஆண்டுகள் ஆயின. இன்று உலகில் எந்த மூலையில் ஒரு மாணவர் நோயுற்ற மீனிலிருந்து அந்த வளைந்த கிருமியை எடுத்தாலும், அது சேரும் பேரினத்தின் பெயரோடு அவர் பெயரும் வந்து நிற்கிறது.